சுகர் "பார்டர்"ல இருக்குன்னா நிம்மதியா?

"பார்டர்லதான் இருக்கு"ன்னு சொன்னா நம்ம ஊர்ல ஜஸ்ட் பாஸ் ஆன சந்தோஷம். காணையில இருக்கற எங்க அத்தைக்கும் அப்படித்தான். வெறும் வயித்துல 104. 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு 172. "சாப்ட்டா ஏறத்தானேடா செய்யும்"னுட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல ஏன் 140க்குக் கீழ இறங்கியிருக்கணும்னு அவங்களுக்குச் சொல்லத்தான் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சா, கதை கணையத்துல இல்ல, குடல்லேர்ந்து ஆரம்பிக்குது!

குளுக்கோஸை ஊசி மூலமா ரத்தத்துல ஏத்தினா வர்ற இன்சுலினை விட, வாய் வழியாக் குடிச்சா அதிகமா வருதுன்னு 1964லயே லண்டன்ல கண்டுபிடிச்சுட்டாங்க. காரணம், குடல்ல சுரக்கற ரெண்டு ஹார்மோன்: ஜிஐபி, ஜிஎல்பி-1. கல்யாண வீட்டுல "பந்தி உக்காந்தாச்சு"ன்னு சமையக்கட்டுக்கு ஓடி வந்து சொல்வாரே ஒருத்தர், அவர் வேலைதான் இதுங்களுக்கு. சாப்பாடு வருதுன்னு கணையத்துக்குத் தகவல் போகும், இன்சுலின் ரெடியாகும். நல்லா இருக்கற உடம்புல, சாப்பிட்டதும் சுரக்கற இன்சுலின்ல பாதிக்கு மேல இந்தத் தகவலாலதான்.

சர்க்கரை நோய் வந்தவங்களுக்கு இந்த எஃபெக்ட் ரொம்பக் குறைஞ்சிடுதுன்னு 1986ல ஜெர்மனியில நவுக் குழு காட்டினாங்க. ஆள் ஓடி வந்து சொல்றார், சமையக்கட்டுல காது சரியாக் கேக்கல. முக்கியமா ஜிஐபி சொன்னா கணையம் கண்டுக்கறதே இல்ல. ஜிஎல்பி-1 சத்தமாச் சொன்னா கேக்குது. ஆனா அதோட ஆயுசு ரெண்டே நிமிஷம், டிபிபி-4ங்கற என்சைம் அதை வெட்டிப் போட்டுடும். வீட்டு மாத்திரை டப்பாவுல "கிளிப்டின்"னு முடியற பேர் இருந்தா பாருங்க, அந்த என்சைமைத் தடுக்கறதுதான் அதோட வேலை.

விஷயம் என்னன்னா, இந்தக் காது மந்தம் சர்க்கரை நோய்னு பேர் வெச்ச அன்னிக்கு ஆரம்பிக்கறதில்ல. பார்டர்லயே ஆரம்பிச்சுடுது. அந்த 172 சொல்றதும் அதைத்தான்: அத்தையோட இன்சுலின் பந்திக்கு லேட்டா வருது, வந்தாலும் பத்தல.

பார்டர்ல சும்மா இருந்தா என்ன ஆகும்? சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு பண்ணின ஆய்வு 2006ல வெளியாச்சு. பார்டர்ல இருந்த 531 பேரை மூணு வருஷம் பார்த்தாங்க. வழக்கமான ஆலோசனை மட்டும் கிடைச்சவங்கள்ல 55% பேருக்கு சர்க்கரை நோய் வந்துடுச்சு. சாப்பாட்டையும் நடையையும் மாத்தினவங்கள்ல 39% பேருக்குத்தான். மெட்ஃபார்மின் எடுத்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு.

நூத்துக்குப் பதினாறு பேர் தப்பிச்சிருக்காங்க மக்களே. சின்ன நம்பர் இல்ல. 2023ல வந்த ஐசிஎம்ஆர் கணக்குப்படி இந்தியாவுல பார்டர்ல இருக்கறவங்க 13.6 கோடி பேர். அதுல ஒருத்தர் நம்ம வீட்டுலயும் இருப்பாங்க, வெறும் வயித்துக் கணக்கை மட்டும் காட்டிட்டு.

அத்தைகிட்ட ஜிஎல்பி எல்லாம் பேசல. பந்திக் கதைதான் சொன்னேன். "அப்ப சமையக்காரர் இன்னும் ஓடிப்போகலல்ல?"ன்னு கேட்டாங்க. இல்ல அத்தை, இன்னும் இருக்கார். அவரைக் காப்பாத்திக்கற நேரம் இதுதான் :-)