கடலூர் டு சிதம்பரம்... ஒரு கேள்வியோட!

நம்ம பரீட்சையில கேள்வியை யாரோ எடுப்பாங்க, நாம பதில் எழுதினா போதும். கேள்வியையே நீங்கதான் கண்டுபிடிக்கணும்னு ஒரு படிப்பு சொன்னா? மேனேஜ்மென்ட் பி.எச்.டி. அப்படித்தான்! சிதம்பரத்துல அதுல சேர்ந்திருக்கிற என் பெரியம்மா பொண்ணோட, முதல் நாள் நானும் ஒட்டிக்கிட்டுக் கிளம்பினேன். வாங்க, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்ல ரயில் வந்தாச்சு.

அக்காவுக்கு வயசு 33. சென்னையில ஏழு வருஷம் பார்த்த ஹெச்.ஆர். வேலையை விட்டுட்டு வந்திருக்காங்க. ‘இந்த வயசுல என்ன படிப்பு?’னு பெரியப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசலை.

ரயில் கடலூர் துறைமுகம் ஜங்ஷன்ல நின்னப்போ அக்கா சிரிச்சாங்க. காரணம் இருக்கு. போன வாரம் இங்கே மீன்பிடித் துறைமுகத்துக்கு, ‘மகளிர் குழுக் கடனும் மீனவப் பெண்களின் முன்னேற்றமும்’னு தலைப்பு போட்ட 20 கேள்வியோட போயிருந்தோம். மீன் விக்கிற ஒரு அம்மா பொறுமையா எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு, கடைசியா ஒண்ணு கேட்டாங்க.

“தடைக்காலத்துல விசைப்படகு கடலுக்குப் போவாது. மீனே இல்லாதப்ப வாரத் தவணையை எதை வித்துக் கட்டறதுன்னு உன் பேப்பர்ல இருக்கா கண்ணு?”

இல்லை!

மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும்னு கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. வருமானம் அந்த ரெண்டு மாசம் படுத்துக்கும், தவணை படுக்காது. பணம் வர்ற நாளும் கட்டற நாளும் ஒத்துப்போகலைன்னா என்ன பண்றது? இது சுத்தமான மேனேஜ்மென்ட் பிரச்னை. மேனேஜ்மென்ட்னா ஏ.சி. ரூம்தான்னு நினைச்சிருந்த நான் அன்னிக்கு கப்சிப்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினா பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடல்ல கலக்கிற இந்த ஊர்லதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல்வாழ் உயிரியல் மையம் இருக்கு. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய தலைப்பை அடிச்சுட்டு, அந்த அம்மாவோட கேள்வியை எழுதிக்கிட்டாங்க.

சிதம்பரம் ஸ்டேஷன்ல இறங்கினா, மேற்கே நடராஜர் கோயில் கோபுரங்கள், கிழக்கே அண்ணாமலை நகர். 1929-ல ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கின பல்கலைக்கழகம்; 2013-ல அரசு ஏத்துக்கிச்சு. அக்கா வணிக நிர்வாகவியல் துறைக்குப் போக, நான் மரத்தடியில காத்திருந்தேன்.

உங்களுக்குக் கொஞ்சம் தகவல். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்.டி.க்கு குறைஞ்சது மூணு வருஷம். ‘கோர்ஸ் வொர்க்’ மட்டும் குறைஞ்சது 12 கிரெடிட். அதுல ஆய்வு முறைகளோட, ஆய்வு நெறிமுறையும் உண்டு. அடுத்தவங்க எழுத்தைச் சுடக்கூடாதுங்கறது அதுலதான் வரும். நாலு வருஷ டிகிரியில 75 சதவீதம் இருந்தா, முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். சேரப்போற பல்கலைக்கழகத்தோட விதியையும் பார்த்துக்குங்க.

சாயங்காலம் அக்கா வந்தாங்க. “எப்படி இருந்துச்சுக்கா?”

“பயமா இருக்குடா. வேலையில தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசியே பழகிட்டேன். இங்கே தெரியாதுன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும்.”

திரும்பும்போது வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் வரைக்கும் அக்கா காத்திருக்கலை. துறைமுகம் ஜங்ஷன்லயே பையைத் தூக்கிட்டு இறங்கிட்டாங்க.

“எங்கேக்கா?”

“அந்த அம்மாகிட்ட பேர்கூடக் கேட்காம வந்துட்டோம்டா!”