புள்ளும் நிலமும்

மட்டக்களப்பு வாவி என்றதும் பாடுமீனை நினைப்போர் பலர். மாரியில் அதன் கரைக்கு வரும் பறவைகளை நினைப்போர் சிலரே. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி, ஆவணி தொடக்கம் பங்குனி வரை தொலைதேசத்து விருந்தினரை ஏற்றுக்கொள்கிறது. மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்த பறவைகள், அந்நிலம் பனியால் இறுகுமுன் புறப்பட்டு நம் தீவை அடைகின்றன. இதற்குத் தெற்கே அண்டார்ட்டிக்கா வரை கடலேயாதலால், அவற்றுட் பலவற்றுக்கு இதுவே பயண முடிவு.

மூன்று மாரிகளாக வலையிறவுப் பக்கத்துக் கரையில் நின்று இவற்றைப் பார்த்தும் படம்பிடித்தும் வருகிறேன். அடைமழையில் வாவி பெருகி நிற்கையில் கரைப்பறவைகளைக் காண்பது அரிது. முகத்துவாரம் வெட்டப்பட்டு வெள்ளம் கடலுக்கு வடிந்த பின்னரே சேற்றுத்திடல்கள் தலைகாட்டும். புழுவும் சிறுநண்டும் அகப்படும். "தண்ணி வத்தட்டும் தம்பி, அதுகள் தானா வரும்" என்றார் தோணிக்கார முதியவர் ஒருவர். அவ்வாறே வந்தன.

என்னிடமுள்ளது பழைய கமரா. தொலைவிலுள்ளதை அண்மையிற் காட்டும் வில்லை அதற்கு இல்லை. ஆகவே என் படங்களிற் பறவைகள் புள்ளிகளாகவே விழுகின்றன. "பறவை எங்கே?" என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. ஆயினும் அப்புள்ளிகளைக் கூர்ந்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். உப்புக்கொத்திகள் ஈரச்சேற்றின் விளிம்பில் ஓடியோடிக் கொத்துகின்றன. உள்ளான்கள் ஆழங்குறைந்த நீரில் மேய்கின்றன. இத்தீவிலேயே கூடுகட்டி வாழும் பவளக்காலி, தன் நெடுங்கால்களின் துணையால் அவற்றுக்கப்பால் நிற்கிறது. காலின் நீளமும் அலகின் நீளமும் பந்தியில் இடம் வகுத்துக் கொடுக்கின்றன. வந்தோரும் இருந்தோரும் ஒரே சேற்றில் பசியாறும் முறை இது. முகத்தை மட்டும் காட்டும் அண்மைப்படத்தில் இதனைக் காணமுடியாது.

தொல்காப்பியர் புள்ளைக் கருப்பொருளுள் வைத்தார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். முதலின்றிக் கருவில்லை என்பதை விரிவுரை மண்டபத்திற் படித்தேன். அதன் பொருளை வாவிக்கரையில் உணர்ந்தேன்.

அண்மைப்படம் வேண்டிச் சேற்றில் இறங்குவோரையும், பறக்கும் காட்சிக்காகக் கைதட்டுவோரையும் கண்டிருக்கிறேன். கூட்டம் எழுந்து வட்டமிடும் காட்சி அழகியதே. ஆனால் அவ்வெழுச்சி ஒவ்வொன்றும் திரும்பற் பயணத்துக்கென அவை உடலிற் சேர்க்கும் கொழுப்பிலிருந்து செலவாகிறது. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஈடுபடுவோரும் கூட்டத்தைக் கலைக்காது தொலைவில் நின்றே எண்ணுகின்றனர். கலைந்த கூட்டத்தை எண்ணல் அரிது.

வாவியின் விளிம்பு இன்று பல இடங்களில் மண்ணிட்டு நிரப்பப்படுகிறது, கண்டல்கள் வெட்டப்படுகின்றன. நாளை இச்சேற்றுத்திடலும் மறையுமாயின், பறவையின் விழியை மட்டும் காட்டும் படம் எக்கரைக்கும் சான்றாகாது. ஆதலால் ஒவ்வொரு படத்தின் பின்புறத்தும் நாளும் இடமும் நீர்மட்டமும் குறித்து வைக்கிறேன். இன்ன நாளில், இன்ன சேற்றில், இத்தனை உயிர்கள் உணவுண்டன என்று அப்புள்ளிகள் சொல்லும்.