சன்னிசைடு வீட்டின் மூன்று அண்ணன் தம்பிகள்

பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து தெற்கே இறங்கினால் ரெசிடென்சி ரோடும் ரிச்மண்ட் ரோடும் வரும். அரசுப் பதிவில் இப்போது ஒன்று ஃபீல்டு மார்ஷல் கரியப்பா சாலை, மற்றது ஜெனரல் திம்மய்யா சாலை. தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதியின் துரைமார் பெயர்களுக்கு நடுவே இடம்பிடித்த இந்த இருவருமே குடகின் கொடந்தேரா குலத்தவர்கள். இருவருமே தரைப்படையின் தலைமைப் பதவி வகித்தவர்கள்.

திம்மய்யாவின் பூர்வீக வீடு மடிக்கேரியில் இருக்கிறது. பெயர் சன்னிசைடு. காபித் தோட்டக்காரர் சுப்பய்யாவின் வீடு அது. அங்கிருந்து அவருடைய மூன்று பிள்ளைகள் பட்டாளத்தில் அதிகாரிகளானார்கள்: பொன்னப்பா, திம்மய்யா, சோமய்யா.

1906இல் பிறந்த திம்மய்யா குன்னூரிலும் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் படித்து, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் போய், 1926இல் அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கான் முனையில் ஹைதராபாத் ரெஜிமென்ட்டின் 8ஆம் பட்டாலியன் அவர் கையில் இருந்தது. 1945 தொடக்கத்தில் நடந்த கங்காவ் சண்டையில் அவரோடு தோராட், சென் என்ற இன்னும் இரண்டு இந்தியர்கள் பட்டாலியன் தலைவர்களாக நின்றார்கள். இந்திய அதிகாரிகளை நம்பிப் பெரிய பொறுப்பைக் கொடுக்க வெள்ளையர்கள் தயங்கிய காலம் அது. சண்டை முடிந்ததும் மூவருக்கும் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் போர் விருது கிடைத்தது.

அண்ணன் பொன்னப்பா போன வழி வேறு. அவர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அண்ணன் ஜப்பானுடன் கைகோத்த படையில். தம்பி அந்த ஜப்பானை விரட்டிய படையில்!

போர் ஓய்ந்தும் இந்தக் குடும்பத்துக்கு ஓய்வில்லை. 1947-48 காஷ்மீர்ப் போரில் சோமய்யா கண்ணிவெடிக்குப் பலியானார். அதே களத்தில்தான் 1948 நவம்பரில் திம்மய்யா 11,000 அடிக்கு மேல் உள்ள சோஜிலா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றி எதிரியைத் திகைக்க வைத்தார். 1957 முதல் 1961 வரை தரைப்படைத் தளபதியாக இருந்தவர், 1965இல் சைப்ரஸில் ஐ.நா. படைக்குத் தலைமை வகித்தபோதே காலமானார்.

சன்னிசைடு பின்னாளில் ஆர்.டி.ஓ. அலுவலகமாக மாறியது. ஓட்டுநர் உரிமத்துக்காக வந்துபோனவர்களில் எத்தனை பேருக்கு அது யார் வீடு என்று தெரிந்திருக்கும்? பிறகு அரசு அதைப் புதுப்பித்தது. 2021 பிப்ரவரி 6 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார்.

குடகுக்குப் போகிறவர்கள் மடிக்கேரியின் ராஜா சீட் பூங்காவோடு திரும்பிவிடாமல் இந்த வீட்டுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தளபதியைப் பார்த்த கையோடு பொன்னப்பாவையும் சோமய்யாவையும் பற்றிக் கேளுங்கள்.