மின்விசிறியின் இரைச்சலும் ஹஜ்ரத்தின் ஓதலும்



எனக்குக் குர்ஆன் ஓதக் கற்பித்த ஹஜ்ரத் அவர்கள், வஃபாத்தாவதற்கு முந்திய ஆண்டில், தம் தஜ்வீத் பாடங்களை என் கணினியில் பதிவு செய்ய இசைந்தார்கள். அறையில் பழைய மின்விசிறி ஒன்று ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அவ்விரைச்சலை நீக்குவதற்கென, ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளோடு ஒரு பிளகினை, அதாவது அதனுடன் சேர்ந்து இயங்கும் சிறு நிரலை, இணைத்திருந்தேன். இசையமைப்போரின் மென்பொருள் மதரஸாவுக்கு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. பேனாவைப் போல அதுவும் ஒரு கருவிதான் என்பேன்.

சென்ற ஷஅபானில் புதிய கணினிக்கு மாறினேன். பழைய கோப்பைத் திறந்தால் பிளகின் இல்லை என்ற அறிவிப்பு வந்தது. ஹஜ்ரத்தின் குரலோடு மின்விசிறியும் திரும்பி வந்தது. பாடங்களைப் பாதுகாத்துவிட்டதாக நான் நம்பியிருந்தது பிழை. கோப்பில் இருந்தது ஒலியை எவ்வாறு மாற்ற வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. மாற்றித் தரும் பிளகின் அதற்குள் இல்லை. ரமளானில் பெண்கள் வகுப்புக்கு அப்பாடங்களைத் தருவதாக வாக்களித்தும் இருந்தேன்.

விஎஸ்டி3 வகைப் பிளகின்களுக்கு விண்டோஸில் நிலையான கோப்புறை உண்டு. என்னுடையது பழைய விஎஸ்டி2 வகை. அது எங்கே இருக்கிறது என்பதை நாமே ரீப்பரின் அமைப்புகளில் குறிப்பிட்டு, மீண்டும் தேடச் செய்ய வேண்டும். செய்தேன், பட்டியலில் பெயர் வந்தது. அது 32 பிட், ரீப்பரோ 64 பிட். எனினும் ரீப்பர் இடையில் தானே ஒரு பாலம் அமைத்துத் திறந்தது. திறந்ததும் பிளகின் உரிமக் குறியீட்டைக் கேட்டது. அதைத் தயாரித்தவர்கள் கைவிட்டுப் பல ஆண்டுகளாகியிருந்தன.

"ஹஜ்ரத், கிராக் செய்தது இணையத்தில் கிடைக்கிறதே. அவர்களே விட்டுவிட்ட பொருள்தானே?" என்றார் மாணவர் ஒருவர். விட்டுவிட்டதும் நமக்குத் தந்ததும் ஒன்றல்ல என்றேன். சொல்லும்போது எனக்கும் ஆசை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பழைய கணினியின் திரை உடைந்திருந்தது. லாத்தா வீட்டுத் தொலைக்காட்சியோடு அதை இணைத்து, உரிமத்தோடு இருந்த அதே பிளகினால் பாடங்களை வேவ் கோப்புகளாக எடுத்தோம். நிதானமாகக் கேட்டபோதுதான் திடுக்கிட்டேன். ஹம்ஸுடைய பத்து எழுத்துகளும் மூச்சு ஓட வெளிவருபவை. ஃபா, ஹா, ஸீன் இவற்றின் மூச்சும் மின்விசிறியின் இரைச்சலும் பிளகினுக்கு ஏறத்தாழ ஒன்றே. அன்று நான் அதை அளவுக்கு மீறி முடுக்கிவிட்டதில், ஹஜ்ரத் ஆண்டுக்கணக்கில் எங்கள் நாவில் திருத்திய எழுத்துகளே தேய்ந்துபோயிருந்தன.

அல்ஹம்துலில்லாஹ், மூலப் பதிவு மாறாமல் இருந்தது. ரீப்பருடனேயே வரும் ரியாஃபிர் என்னும் பிளகினை எடுத்தேன். அதைக் கழிக்கும் நிலையில் வைத்து, இரைச்சல் மட்டும் உள்ள சில விநாடிகளை ஓடவிட்டால் அது அவ்விரைச்சலை அறிந்துகொள்கிறது. ஓதல் தொடங்குமுன் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் குரலையும் இரைச்சலென்று கருதிக் கழித்துவிடும். ஹஜ்ரத் அவர்கள் அஊது ஓதுமுன் எப்போதும் சற்று மௌனமாக அமர்ந்திருப்பார்கள். அந்த மௌனத்தையே அதற்குக் கொடுத்தேன்.

மின்விசிறி இப்போதும் இலேசாகக் கேட்கிறது. ஹா தெளிவாக இருக்கிறது. வேவ் பிரதிகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன.