ஐயா பூசிய வெள்ளை

2008ஆம் ஆண்டுப் போரில் துணுக்காயை விட்டு இடம்பெயர்ந்தோம். மீண்டபோது கூரை இல்லை, ஐயாவும் இல்லை. அவர் பூசிய சுண்ணாம்புச் சுவர்கள் நின்றன.

ஓடு வேய்ந்தபின், அழகுக்கு ஆசைப்பட்டுப் பிளாஸ்ரிக் வர்ணம் பூசினேன். மாரி கழியுமுன்பே அது அப்பளம்போற் கொப்புளித்து உரிந்தது.

“பூச்சைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசுவோம்” என்றார் மேசன். எனக்கு மனம் ஒப்பவில்லை. விரல்முட்டியால் தட்டினேன், கோறையாய் ஒலித்த இடங்கள் சிலவே. சுவரேறும் ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறிவிடும். வர்ணப் படலமே அதனை மறித்திருந்தது.

வர்ணத்தைச் சுரண்டி, கோறைகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, நனைத்து நனைத்து மூன்று முறை வெள்ளையடித்தோம். மங்கலாயிருந்த சுவர் காயக்காய வெளுத்தது.

அம்மா வந்து பார்த்தார்.

“ஐயா நான்கு முறை அடிப்பார்.”

மீண்டும் வாளியை எடுத்தேன்.