டக்குன்னு ஒரு சத்தம்

புதுக்கோட்டைன்னு சொன்னதும் தொண்டைமான் ஊரான்னு கேக்காதீங்க மக்களே. இது திருநெல்வேலியில இருந்து தூத்துக்குடி போற ரோட்டுல இருக்குற எங்க புதுக்கோட்டை. பொங்கல் லீவுக்குப் போனப்போ மாமா வீட்டுப் பரண்ல ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கெடச்சுது. 2.1 ஜிபி. இப்போ சுத்தப்போற கொசுவத்திக்கு அதுதான் காரணம்.

மாமா கப்பல்ல வேலை பார்த்தவர். 1998-ல சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயர்ல ஒரு வூடூ கார்டு வாங்கிட்டு வந்தார். 3டிஎஃப்எக்ஸ் சிப் போட்ட ஆர்க்கிட் ரைட்டியஸ் 3டி. 1996-ல வந்த சரக்கு. 98-ல வூடூ 2 வந்துட்டதால பழசை மலிவாத் தள்ளிவிட்டாங்களாம்.

அந்தக் கார்டுக்கு 3டி மட்டும்தான் தெரியும். விண்டோஸ் காட்ட இன்னொரு விஜிஏ கார்டு வேணும். அதுல இருந்து ஒரு கேபிள் வூடூவுக்கு, வூடூவுல இருந்து இன்னொண்ணு மானிட்டருக்கு. கேம் ஆரம்பிச்சதும் உள்ள இருக்குற ரிலே 'டக்'குன்னு அடிச்சு, திரை வூடூ கைக்கு மாறும். நீட் ஃபார் ஸ்பீட் 2 எஸ்இ போட்டுட்டு அந்த 'டக்'குக்காகவே மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன்.

2005. எனக்கு 8 வயசு. மாமா கப்பல்ல. சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாக்கணும்னு கேபினட்டைக் கழட்டி, பவர் ஓடும்போதே கார்டைப் புடுங்கிட்டேன். திருப்பிச் சொருகினா உயிர் இல்ல. மூடியை மாட்டிட்டு நல்ல பிள்ளையா ஸ்கூலுக்குப் போயிட்டேன் (அப்பவே இன்ஜினியர் புத்தி!). மாமா வந்து பார்த்துட்டு, "உப்புக் காத்துலா, தின்னுட்டு" அப்படின்னார். நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டினா, முனகிட்டே சுத்துச்சு. மொத்தத்தையும் ஒரே இமேஜா எடுத்து 86பாக்ஸ்ல ஏத்தினேன். இது பழைய கம்ப்யூட்டரை போர்டு, சிப் வரைக்கும் மென்பொருளா நடிச்சுக் காட்டுற எமுலேட்டர். பென்டியம் எம்எம்எக்ஸ் 166, விண்டோஸ் 98, கூட ஒரு வூடூ. போர்டு மாறிடுச்சுன்னு விண்டோஸ் ரெண்டு தடவை நீலத்திரை காட்டி அழுதுச்சு.

என்ஜிலைட் மாதிரி ராப்பர் போட்டா வேலை சுளுவு. கேம் கேக்குறதை இன்னைக்கு இருக்குற கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியிற மாதிரி மாத்திக் கொடுத்துடும், படமும் பளபளன்னு வரும். ஆனா அது மாமாவோட கம்ப்யூட்டர் இல்லையே. 86பாக்ஸ் அந்தச் சிப் செஞ்ச கணக்கையே திரும்பப் போடுது. 50 மெகாஹெர்ட்ஸ்ல ஓடின சிப், அதிகபட்சம் ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளி. நொடிக்கு 5 கோடி புள்ளி. ஒவ்வொண்ணுக்கும் ஆழம் பாத்து, டெக்ஸ்சர் பூசி, பனிமூட்டம் கலக்கணும். சிப்புல இதுக்குன்னே தனி வழி போட்டிருந்தான். இங்க எல்லாத்தையும் பாவம் என் லேப்டாப் பிராசசர்தான் செய்யணும். ரீகம்பைலர் அந்தந்த அமைப்புக்குத் தக்க மெஷின் கோடை அங்கயே எழுதிக்குது. அப்பவும் முதல் நாள் வேகம் 70 சதவீதம்தான், பாட்டு இழுத்து இழுத்து வந்துச்சு. ரெண்டர் த்ரெட்டைக் கூட்டின பிறகுதான் 100 தொட்டுச்சு.

ஏன் 640×480க்கு மேல போகமாட்டேங்குதுன்னு சின்ன வயசுல மண்டையைக் குடைஞ்ச கேள்விக்கும் இப்போதான் விடை. புள்ளிக்கு 2 பைட் வீதம் ஒரு திரைக்கு 6,14,400 பைட். முன்திரை, பின்திரை, ஆழக்கணக்குன்னு மூணு வேணும். 18,43,200 ஆச்சு. கார்டுல திரைக்குன்னு இருந்ததே 2 எம்பி. அம்புட்டுதேன்!

கேம் ஓடுச்சு. மிஸ்டிக் பீக்ஸ் ரேஸ்ல ரெக்கார்டு பட்டியலைத் திறந்தா, மேல மாமா பேரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க, சிரிக்காதீங்க.

மறுநாள் மாமாவை உக்கார வெச்சேன். ரெண்டு சுத்து ஓட்டினார், ரெண்டு தடவையும் மலையில முட்டினார். அப்போ சொல்லிட்டேன். கார்டைக் கொன்னது உப்புக் காத்து இல்ல, நான்தான்னு.

திரையில இருந்து கண்ணை எடுக்கல. "ஏல மருமவனே, உப்புக் காத்து ஸ்க்ரூவைக் கழட்டுமாலே? மூடியில ரெண்டு ஸ்க்ரூ குறைஞ்சுல்லா கெடந்துச்சு."

இருபது வருஷம்!

"எல்லாஞ் சரி, அந்தச் சத்தம் எங்கலே?" அப்படின்னார்.

சத்தம் இல்லதான். 86பாக்ஸ் சோர்ஸ் திறந்துதானே கெடக்கு. வூடூ ஃபைல்ல விஜிஏ பாஸ்னு ஒரு பிட் இருக்கு, திரை கைமாறுறது அங்கதான். அந்த இடத்துல ஒரு 'டக்' சொருகப் பாத்துட்டிருக்கேன். நேத்து ராத்திரி கம்பைல் ஆச்சு, ஆனா கேம்ல இருந்து வெளிய வரும்போது மட்டும்தான் அடிக்குது.