முதல் 15 மீட்டர்

சென்னையின் தென்பகுதியில் உள்ள அந்த 50 மீட்டர் குளத்தில் அன்று காலை யாரும் முழு நீளம் நீந்தவில்லை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக வந்து ஸ்டார்ட்டிங் பிளாக்கில் ஏறினார்கள், பாய்ந்தார்கள். லேன் கயிற்றில் மிதவைகள் நிறம் மாறும் 15 மீட்டர் இடத்தில் தலையைத் தூக்கினார்கள். கரையேறி, ஈரம் சொட்டச் சொட்ட மறுபடியும் வரிசைக்கு ஓடி வந்தார்கள். மாநிலப் போட்டிக்குத் தயாராகும் அந்தக் குழுவின் ‘ஸ்டார்ட்’ பயிற்சியைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

பயிற்சியாளருக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். குளத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டாண்டில் அவருடைய செல்போன் ஒவ்வொரு பாய்ச்சலையும் பக்கவாட்டில் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

“நீச்சலை எல்லாரும் மணிக்கணக்கா பழகுறாங்க சார். ஸ்டார்ட்டுக்குன்னு தனியா நேரம் ஒதுக்குறவங்க ரொம்பக் கம்மி” என்றார்.

அவர் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. உலகத் தரத்திலான ஆண் வீரர்கள் முதல் 15 மீட்டரை ஏறக்குறைய ஐந்தரை விநாடியில் கடக்கிறார்கள். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பந்தயமே 21, 22 விநாடியில் முடிந்துவிடும். அதில் கால் பங்கு நேரம் ஸ்டார்ட்டிலேயே போய்விடுகிறது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அமெரிக்காவின் கேலப் டிரஸ்ஸல் 47.02 விநாடியில் தங்கம் வென்றார். ஆஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் 47.08 விநாடியில் வெள்ளி பெற்றார். டிரஸ்ஸலின் பெரிய பலமே அவருடைய ஸ்டார்ட்தான். நெய்வேலியில் வளர்ந்து அங்கேயே நீச்சல் பழகிய சஜன் பிரகாஷ், அதே ஆண்டு ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38-இல் முடித்து, ஒலிம்பிக்கின் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். தகுதி நேரம் 1:56.48. இடைவெளி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு.

அடுத்துப் பிளாக்கில் ஏறியவள் பதினான்கு வயது இருக்கக்கூடிய ஒரு பெண். முன்காலின் விரல்கள் பிளாக்கின் விளிம்பை வளைத்துப் பிடித்தன. பின்கால் சரிவான பலகையில் அழுந்தியது. இரண்டு கைகளும் விளிம்பைப் பற்றியிருந்தன. “இடுப்பை இன்னும் கொஞ்சம் தூக்கு பாப்பா. பின்முழங்கால் ரொம்ப மடங்கக் கூடாது, ரொம்ப நீளவும் கூடாது” என்று பயிற்சியாளர் சொல்ல, அவள் பின்முழங்காலை ஏறக்குறைய 90 பாகைக்குக் கொண்டுவந்தாள்.

விசில் ஊதியதும் முதலில் வேலை செய்தவை கைகள். அவை பிளாக்கை இழுத்து உடலை முன்னே தள்ளின. அடுத்துப் பின்கால் பலகையை உதைத்தது. கடைசி உந்துதல் முன்காலிலிருந்து வந்தது. இந்த மூன்றும் முடிய முக்கால் விநாடிகூட ஆகாது. தேர்ந்த வீரர்கள் விநாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் பிளாக்கை விட்டுக் கிளம்புகிறார்கள். விழும்போது புவியீர்ப்பும் சேர்ந்துகொள்வதால், தண்ணீரைத் தொடும்போது வேகம் ஆறு மீட்டரைத் தாண்டுகிறது. உலகின் மிக வேகமான வீரர்கூட நீந்தும்போது விநாடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேலேதான் போக முடியும். ஸ்டார்ட்டில் கிடைக்கும் வேகம் பந்தயத்தில் மறுபடி கிடைக்காது.

அந்த வேகத்தைத் தின்பது தண்ணீர். காற்றைவிட அது ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரண்டு மடங்கானால் நீரின் தடை சுமார் நான்கு மடங்காகும். அதனால்தான் பயிற்சியாளர், ஊசியின் காதில் நூல் நுழைவதைப்போல விரல் நுனி கிழித்த துளையிலேயே தலையும் இடுப்பும் காலும் நுழைய வேண்டும் என்கிறார். செல்போனில் அந்தப் பெண்ணின் பாய்ச்சலை மெதுவாக ஓட்டிக் காட்டினார். கைகள் ஓரிடத்தில் நுழைந்தன. முழங்கால் மடங்கியிருந்ததால் கால்கள் பின்னால் வேறோர் இடத்தில் தண்ணீரை அடித்தன. “இங்கதான் பிரேக் போடுற, பாரு.” அவள் தலையாட்டிவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றாள். அடுத்த முறை நீர் தெறிப்பது கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

தண்ணீருக்குள் போன பிறகும் பொறுமை வேண்டும். உடலை நீட்டி, கைமேல் கை வைத்து, அசையாமல் வழுக்கிப் போக வேண்டும். வேகம் தன் நீச்சல் வேகத்தை நெருங்கும்போதுதான், இரண்டு கால்களையும் சேர்த்து உதைக்கும் டால்ஃபின் உதையைத் தொடங்க வேண்டும். முன்னதாக உதைத்தால் உடல் அலைந்து தடை கூடும். தாமதித்தால் வேகம் செத்துவிடும். சீக்கிரம் மேலே வருவதும் நட்டம், ஏனென்றால் நீர்மட்டத்தில் உடல் அலைகளை எழுப்பியே தன் சக்தியைச் செலவழிக்கிறது.

இந்த உண்மையை உலகம் 1988 சியோல் ஒலிம்பிக்கில் கண்கூடாகப் பார்த்தது. 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் 30 மீட்டருக்கு மேல் நீருக்கடியிலேயே உதைத்துப் போனார். தங்கம் வென்ற ஜப்பானின் டைச்சி சுசுகியும் நீண்ட தூரம் அடியிலேயே வந்தவர்தான். பிறகு அதற்கு வரம்பு வந்தது. இன்று பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை, ஃப்ரீஸ்டைல் மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும்.

பிளாக்கில் நிற்கும் முறையும் மாறி வந்திருக்கிறது. ஒருகாலத்தில் கைகளைச் சுழற்றி வீசிக் குதித்தார்கள். 1967-இல் அமெரிக்கப் பயிற்சியாளர் எரிக் ஹனாவர் விளிம்பைக் கையால் பிடித்துப் பாயும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு ஒரு காலைப் பின்னே வைக்கும் முறை பரவியது. அந்தப் பின்காலுக்குச் சரிவுப் பலகை கொண்ட ஒமேகா பிளாக், ஒலிம்பிக்கில் முதன்முதலாக 2012 லண்டனில் பயன்பட்டது.

பயிற்சிக்கு இடையே வந்து சேர்ந்தார், மாவட்டப் போட்டிகளில் ஸ்டார்ட்டராக இருக்கும் ஒரு பெரியவர். பிள்ளைகளை நிற்கவைத்து “டேக் யுவர் மார்க்ஸ்” என்று நிதானமாகச் சொன்னார். ஒருவன் லேசாக ஆடினான். இவர் விசிலை ஊதாமல் எல்லாரையும் கீழே இறங்கச் சொன்னார். “அசையாம நிக்கிறதும் வித்தைதான் தம்பி” என்றார். ஒருமுறை முந்திப் பாய்ந்தாலே வெளியேற்றம் என்பது இன்றைய விதி. ஆஸ்திரேலிய வீரர் இயன் தார்ப் 2004-இல் தன் நாட்டின் ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பிளாக்கிலிருந்து நிலைதவறி விழுந்து நீக்கப்பட்டார். தகுதி பெற்றிருந்த கிரெய்க் ஸ்டீவன்ஸ் தன் இடத்தை விட்டுக்கொடுத்த பிறகே தார்ப் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறங்கித் தங்கம் வென்றார்.

பயிற்சியாளர் புதிய பிள்ளைகளைப் பிளாக் பக்கமே விடுவதில்லை. முதலில் கரையில் உட்கார்ந்தபடி, அடுத்து ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு நின்றபடி, கடைசியாகத்தான் பிளாக். பிளாக் உள்ள முனையில், சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரையாவது குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச விதி. நம் ஊர்களில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குளங்கள் நாலடி ஆழம்தான். அங்கே தலைகீழாகப் பாயும் பிள்ளை தரையில் மோதினால் கழுத்தெலும்பு முறிந்து வாழ்நாள் முழுக்க முடங்கிப்போகக் கூடும். பெற்றோர்களே, பிள்ளையை நீச்சலுக்குச் சேர்க்கும்போது கட்டணத்தையும் நேரத்தையும் கேட்பதற்கு முன், குளத்தின் ஆழம் எவ்வளவு, பாய்ச்சலை யார் கற்றுத்தருகிறார் என்று கேளுங்கள். சரியான பதில் வராத இடத்தில் பிள்ளையைப் பாயவிடாதீர்கள்.